போகாஷியா, மட்குத் தொட்டியா, மண்புழுவா: வாளி வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

சமையலறைக் கழிவைக் காற்றுப் படாமல் புளிக்கவைக்கும் போகாஷி வாளியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். உங்கள் சமையலறைக் கழிவில் வெறும் தோலும் காம்பும் எவ்வளவு, சமைத்து மிஞ்சியதும் எலும்பும் முள்ளும் எவ்வளவு? அப்புறம், எல்லாம் முடிந்து கையில் வருவதைப் புதைக்க உங்களிடம் மண் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி முடிவு எடுத்தாயிற்று. வாளி பார்க்க அழகாக இருக்கிறது, மேடைக்கு அடியில் கச்சிதமாக அடங்குகிறது, நாற்றமே வராதாம் என்று கேள்விப்பட்டு வாங்கியவர்கள் பலர், முதல் வாளி நிறைந்து இரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்துவிட்டு, "இது மட்கவே இல்லையே, போட்டது போட்டபடி கிடக்கிறதே" என்று திகைத்து நிற்கிறார்கள். அது அப்படித்தான் கிடக்கும். போகாஷி பாதி வழிதான் கூட்டிப் போகும், மீதியை மண்தான் முடித்துத் தர வேண்டும்.

இந்த விஷயத்தில் பொதுவாக நடக்கும் வாதமெல்லாம் எந்த முறை உசத்தி என்பதைப் பற்றியே. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வகைக் கழிவை ஜோராகச் சமாளிக்கும், ஏதோ ஓரிடத்தில் கையை விரித்துவிடும். அது கையை விரிக்கும் இடம் உங்கள் வீட்டில் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

வாளிக்குள் நடப்பது என்ன

மட்குவது ஒன்று, புளிப்பது வேறு. மட்குத் தொட்டியில் காற்று புக வேண்டும். அங்கிருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கழிவைத் தின்று, கரியமில வாயுவும் நீராவியும் சூடுமாக வெளியே விடுகின்றன, அதனால்தான் குவியல் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போகிறது. போகாஷியில் கதை நேர்மாறு. காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. லாக்டிக் அமில பாக்டீரியா கழிவில் இருக்கும் சர்க்கரையை அமிலமாக்கும், பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4-ஐ ஒட்டி இறங்கிவிடும், அந்தப் புளிப்பில் அழுகல் கிருமிகளால் தலைதூக்க முடியாது. ஊறுகாய் ஜாடியில் காய் முழுசாகவே இருப்பது போல வாளியிலும் தோல் தோலாகவே இருக்கும், நிறம் கொஞ்சம் மங்கும், தொட்டால் கொழகொழப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ஜப்பானிய விவசாயிகள் நெடுங்காலமாகச் செய்துவந்த புளிக்கவைத்த உரத்தைச் சமையலறை வாளிக்குள் கொண்டுவந்ததில் பெரிய பங்கு தெருவோ ஹிகா என்பவருக்கு உண்டு. ஒகினாவாவில் உள்ள ரியூக்யூ பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்தவர். 1980-களின் தொடக்கத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா ஆகியவற்றைச் சேர்த்து இ.எம். (எஃபெக்டிவ் மைக்ரோஆர்கனிசம்ஸ், அதாவது பயன் தரும் நுண்ணுயிர்கள்) என்ற கலவையை உருவாக்கினார். இன்று கடையில் போகாஷித் தூள் என்று கிடைப்பது பெரும்பாலும் தவிட்டில் அந்தக் கலவையையும் வெல்லப்பாகையும் பிசைந்து புளிக்கவைத்து உலர்த்திய சரக்கு.

வேலை என்று பார்த்தால் சுலபம்தான், ஆனால் சோம்பல் பட்டால் காட்டிக்கொடுத்துவிடும். வாளியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டு, அதற்குக் கீழே குழாய். தட்டின் மேல் இந்தப் போகாஷித் தவிட்டை ஒரு கைப்பிடி தூவிவிட்டு, சின்னதாக நறுக்கிய கழிவை 3 அல்லது 4 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, மேலே இன்னொரு கை தவிடு. இறைச்சி, மீன், பால் பொருள் இருந்தால் தவிட்டைத் தாராளமாகவே போட வேண்டும், இங்கே மிச்சம் பிடிப்பதில் பிரயோஜனம் இல்லை. பிறகு ஒரு தட்டை வைத்து உடம்பின் எடையைக் கொடுத்து நன்றாக அமுக்க வேண்டும், இடுக்கில் இருக்கும் காற்று வெளியேறும் சத்தம் காதில் விழும். அந்தத் தட்டையோ ஒரு கனமான பிளாஸ்டிக் உறையையோ கழிவின் மேலேயே ஒட்டியபடி விட்டுவிட்டு மூடியை இறுக்க வேண்டும். ஒவ்வொரு தோலுக்கும் ஒருமுறை மூடியைத் திறக்காதீர்கள். நாள் முழுக்கச் சேர்வதை ஒரு டப்பாவில் போட்டு வைத்து இரவில் ஒரே தடவை திறந்து போட்டு மூடுவதுதான் சரி.

வாளி நிறைந்ததும் கடைசியாக ஒரு அடுக்கு தவிடு, மூடி, குறைந்தது இரண்டு வாரம் தொடாமல் ஓரமாக வைக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் அன்றாடக் கழிவு வந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டாவது வாளி கட்டாயம். ஒற்றை வாளியாக விற்பதை வாங்கிவிட்டு, நிறைந்த பிறகு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிர் காலத்தில் இந்த இரண்டு வாரம் மூன்று நாலு வாரமாக இழுக்கும், 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்.

திறந்ததும் மூக்கும் கண்ணும் சொல்லிவிடும். வினிகரும் ஈஸ்ட்டும் கலந்த புளிப்பு வாடை, மேலே பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம் இருந்தால் நல்ல வாளி. கறுப்பு, பச்சை, நீலப் பூசணமும் முட்டை அழுகிய நாற்றமும் வந்தால் காற்று புகுந்திருக்கிறது, தவிடு போதவில்லை, அல்லது தண்ணீர் தேங்கிவிட்டது. சின்ன அளவில் இருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு நிறையத் தவிடு போட்டு அமுக்கினால் மீட்டுவிடலாம். முழுக்க கெட்டிருந்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குழாயில் வடியும் நீரைப் பற்றிப் பெரிய பெரிய பேச்செல்லாம் உண்டு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதை வடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தேங்கி வாளியையே கெடுக்கும். ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் சேர்த்து அன்றைக்கே செடியின் வேரடி மண்ணில் ஊற்றலாம். அப்படியே ஊற்றினால் அந்த அமிலம் செடியைக் கருக்கிவிடும். அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்பது நீங்கள் போட்ட கழிவைப் பொறுத்து மாறும், ஆகவே இதை நம்பி உரம் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். கிடைத்தால் லாபம், அவ்வளவே. காய்ந்த பொருள் அதிகம் போடும் வீட்டில் ஒரு சொட்டுகூட வராது, அதிலும் தப்பில்லை.

மண் இல்லாவிட்டால் என்ன ஆகும்

இதைத்தான் விளம்பரங்கள் சின்ன எழுத்தில் போடுகின்றன. புளித்த கழிவை நேராகச் செடித் தொட்டியில் போட முடியாது, வேர் வெந்துவிடும். 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, கழிவைக் கொட்டி, மண்ணோடு கிளறி, மேலே ஒரு சாண் உயரத்துக்கு மண் போட்டு மூட வேண்டும். மண்ணில் இருக்கும் உயிரினங்கள் ஏற்கெனவே இளகிப் போன இந்தக் கழிவை வேகமாகத் தின்னும். வெயில் காலமானால் இரண்டு முதல் நாலு வாரத்தில் தேடினாலும் பெரும்பகுதி கிடைக்காது. முட்டை ஓடும் மாங்கொட்டை மாதிரியான கெட்டிச் சாமானும் எலும்பும் மட்டும் அகப்படும். இரண்டு வாரமாவது கழித்துத்தான் அதன் மேல் நாற்று நட வேண்டும், அதற்குள் புளிப்பும் இறங்கிவிடும்.

தோட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் பழைய செடிமண்ணை எடுத்துக்கொண்டு, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு புளித்த கழிவு என்று கலந்து, மேலே நாலு விரற்கடை மண் மூடி, மழை புகாமல் வைத்தால் அதே வேலை தொட்டிக்குள்ளேயே நடக்கும். நன்றாகவே நடக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புளிக்கும்போது கழிவு பெரிதாக வற்றுவதில்லை. மாதம் இரண்டு வாளி நிறைந்தால் மாதம் நாலு வாளி மண்ணும், அதை வைக்கும் இடமும், கலந்த பிறகு அது செல்லும் இடமும் வேண்டும். பழைய மண்ணையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றாலும் ஒரு கட்டத்தில் மண் பெருகிக்கொண்டே போகும். பால்கனியில் நாலு தொட்டி மட்டும் வைத்திருப்பவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார். அக்கம்பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வார் என்றால் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் வாளி வாங்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். புளித்த நாற்றத்தோடு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

மட்குத் தொட்டி: காய்ந்த இலைதான் எல்லாம்

சாதாரண மட்கு உரத்தின் பெரிய பலம், முடிவில் வருவது முடிந்த சரக்கு என்பதுதான். கறுப்பாக, பொலபொலவென்று, மழை நனைத்த மண் வாடையோடு இருக்கும். சலித்து மூட்டை கட்டி வைக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், செடித் தொட்டியில் நேராகப் போடலாம். மண் இல்லாத வீட்டுக்கு இது போகாஷியைவிட ஒரு படி மேல் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுவே.

அதற்கு விலையாகக் கேட்பது காய்ந்த பொருள். நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். சமையலறைக் கழிவில் கார்பன் இதைவிடக் குறைவு, ஈரமோ மிக அதிகம். ஆக ஒரு கூடை கழிவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த இலை, மரத்தூள், தென்னை நார்த்தூள், கிழித்த அட்டைப் பெட்டி, இப்படி ஏதாவது சேர்க்க வேண்டும். மட்குத் தொட்டி நாறுகிறது, தண்ணீர் ஒழுகுகிறது, ஈ மொய்க்கிறது என்று புலம்பும் பத்து வீட்டில் ஒன்பதில் காய்ந்த பொருள் தீர்ந்துபோயிருக்கும், "நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று பச்சைக் கழிவை மட்டும் கொட்டியிருப்பார்கள். அம்மோனியா வாடை மூக்கில் ஏறினால் நைட்ரஜன் மிகுதி, அழுகல் வாடை வந்தால் காற்று போதவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காய்ந்ததைச் சேர்த்துக் கிளறு.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். நோய்க்கிருமியும் களை விதையும் சாக வேண்டுமென்றால் குவியல் 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நிற்க வேண்டும், அதற்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவு குவியல் தேவை. வீட்டுத் தொட்டிகள் அந்தச் சூட்டை எட்டுவது அபூர்வம். அதனால் மட்கும் நேரம் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நீளும், நோய் விழுந்த செடியையும் விதை முற்றிய களையையும் அதில் போடாமல் இருப்பதே நல்லது. போகாஷியிலும் சூடு ஏறாது. அங்கே கிருமியைக் கட்டுப்படுத்துவது புளிப்பு. சால்மொனெல்லா போன்ற பலவற்றை அது வெகுவாகக் குறைக்கும், ஆனால் கிருமிநீக்கம் செய்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. புதைத்துவிட்டுக் கை கழுவுங்கள்.

சமைத்த சாப்பாடு என்று வரும்போதுதான் மட்குத் தொட்டி திணறும். சோறு கட்டியாகி உள்ளே காற்று போகாமல் அழுகும், எண்ணெய் எல்லாவற்றின் மேலும் படலமாகப் பூசிக்கொள்ளும், இறைச்சியும் மீனும் எலியையும் ஈயையும் வரவழைக்கும். கொஞ்சமாக, நிறையக் காய்ந்த பொருளோடு நடுவில் புதைத்தால் சமாளிக்கலாம், தினமும் கிண்ணம் கிண்ணமாக வந்தால் முடியாது. அந்த மாதிரித் தொட்டியில் சில சமயம் சாம்பல் நிறத்தில் கொழுத்த புழுக்கள் நெளிவதைப் பார்த்து அலறுவார்கள். பெரும்பாலும் அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. ஒன்றும் செய்யாது, சொல்லப்போனால் கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும், வளர்ந்த ஈக்கும் சாப்பாட்டில் வந்து உட்காரும் பழக்கம் கிடையாது. ஆனால் வீட்டில் மற்றவர்கள் முகம் சுளித்துவிட்டால் விஞ்ஞானம் பேசிப் பயனில்லை.

மண்புழு

மண்புழு உரம் செடிக்கு அருமையானது, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பிரச்சினை, நீங்கள் உயிருள்ள ஒன்றை வளர்க்க ஒப்புக்கொள்கிறீர்கள் என்பது. பரவலாகப் பயன்படும் ஐசீனியா ஃபெட்டிடா என்ற சிவப்புப் புழுவுக்கு 15 முதல் 25 டிகிரி வரை சுகம், 35-ஐத் தாண்டினால் செத்துவிடும். யூட்ரிலஸ் யூஜினியே என்ற இனம் சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும், குளிரில் சுருண்டுவிடும். தோல் வழியாகவே சுவாசிப்பதால் படுக்கை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கக்கூடாது. உப்பு, காரம், எண்ணெய், எலுமிச்சைத் தோல், இறைச்சி எதுவும் ஆகாது. நல்ல நிலையில் இருந்தால் தன் எடையில் பாதியளவு ஒரு நாளில் தின்னும் என்பார்கள். ஆகவே ஒரு கிலோ புழுவுக்கு அரைக் கிலோ கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போட்டால் தின்னாமல் விட்டது அழுகிச் சூடேறிப் புழுவையே கொன்றுவிடும்.

காய்கறித் தோல் மட்டும் அளவாக வரும் வீடு, நிழலான இடம், தினமும் ஒரு பார்வை பார்க்க விருப்பமுள்ள ஒருவர் இருந்தால் இதைத் தாராளமாக எடுக்கலாம். வெயில் காலத்தில் வாரக்கணக்கில் ஊருக்குப் போய்விடுகிறவர் இதைத் தொட வேண்டாம். போகாஷி வாளியை நிறைத்து இறுக்கி மூடிவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும், கிளம்பும் முன் குழாயைத் திறந்து நீரை வடித்துவிட்டால் போதும்.

நேராகக் குழி வெட்டிப் புதைப்பதும், மின்சார இயந்திரமும்

இடம் இருக்கிறவருக்கு எந்த வாளியும் இல்லாமல் நேராகப் புதைப்பதே மலிவான வழி. 30 செ.மீ.க்குக் குறையாமல் ஆழம் வேண்டும். பச்சைக் கழிவானால் மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இறைச்சி வாடைக்கு நாயும் எலியும் தோண்டும். புளிக்கவைத்துப் புதைத்தால் வாடை மாறிவிடுவதால் தோண்டுவது குறையும், முழுக்க நிற்கும் என்று சொல்ல முடியாது, ஆரம்ப நாட்களில் மேலே ஒரு கம்பி வலையைப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

மின்சார இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மட்கு இயந்திரம் என்று விற்கப்படும் பல மாடல்கள் செய்வது சாப்பாட்டைச் சூடாக்கி உலர்த்தி அரைப்பது மட்டுமே. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் இழுக்கும், சில மணி நேரத்தில் கழிவு ஒரு கைப்பிடித் தூளாகிவிடும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அந்தத் தூளில் தண்ணீர் பட்டால் பூசணம் பூக்கும், ஏனென்றால் அது இன்னும் உலர்ந்த சாப்பாடுதான், மட்கவே ஆரம்பிக்கவில்லை. அதையும் மண்ணில்தான் புதைக்க வேண்டும். அப்படியென்றால் போகாஷியைப் போலவே இதுவும் பாதி வழிதான். கனமும் நாற்றமும் உடனே குறைய வேண்டும், வேறு எதற்கும் பொறுமை இல்லை என்கிறவர் வாங்கட்டும், உரம் கிடைக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

தவிட்டுச் செலவும் இ.எம். மகிமையும்

போகாஷியில் வாளிக்கு ஒருமுறைதான் செலவு, தவிட்டுக்கு வாழ்நாள் முழுக்க. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைத் தவிட்டையே நம்பியிருந்தால் கை தானாகவே சிக்கனமாகிவிடும், சிக்கனம் பிடித்தால் வாளி கெடும். அதனால் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால் வீட்டிலேயே தயாரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசித் தவிடு அல்லது கோதுமைத் தவிட்டுக்கு 20 மில்லி இ.எம். கரைசல், அதே அளவு வெல்லப்பாகு, 300 முதல் 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு. பிசைந்து கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. கனமான பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி இரண்டு வாரம் வைத்தால் இனிப்பும் புளிப்புமான வாசம் வரும். நிழலில் உலர்த்தி டப்பாவில் அடைத்தால் ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

இ.எம். கரைசலே வேண்டாம் என்பவர்கள் லாக்டிக் அமில பாக்டீரியாவை வீட்டிலேயே பிடிப்பார்கள். அரிசி கழுவிய நீரைத் துணியால் மூடிச் சில நாள் வைத்து, புளித்ததும் பத்துப் பங்கு பாலில் சேர்த்தால் ஒரு வாரத்துக்குள் மேலே தயிர்க்கட்டி மிதக்கும், கீழே மஞ்சள் நிறத் தெளிநீர் தங்கும். அந்தத் தெளிநீரில் பாக்டீரியா ஏராளம். வாளியில் வேலையைப் பெரும்பாலும் இழுத்துப் போவது லாக்டிக் அமில பாக்டீரியாதான் என்பதால் இது போதும் என்பதே என் கட்சி. இ.எம். கலவைக்குத் தனி மகிமை இருக்கிறதா என்று சுவிட்சர்லாந்தில் சூரிச் அருகே 2003 முதல் 2006 வரை ஒரு வயல் ஆய்வு நடத்தினார்கள். உயிருள்ள இ.எம்.மையும் சூடாக்கிக் கொன்ற இ.எம்.மையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்ததில், கிடைத்த பலனில் பெரும்பகுதி தவிடு முதலான ஊட்டப்பொருளால் வந்தது, நுண்ணுயிர்களால் அல்ல என்று தெரிந்தது. அது வயலில் பயிருக்கான சோதனை, வாளியில் புளிக்கவைப்பதற்கானது இல்லை. ஆனாலும் மண்ணையே உயிர்ப்பிக்கும், ஆற்றையே சுத்தமாக்கும் என்கிற வகைப் பேச்சைக் கேட்டால் பையிலிருந்து கையை எடுக்காமல் இருப்பது நல்லது.

போகாஷி கார்பனைச் சேமிக்கிறது என்ற பேச்சிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மட்கும்போது எடையில் பாதி காற்றோடு போகிறது, நைட்ரஜனிலும் கொஞ்சம் அம்மோனியாவாகப் பறக்கிறது, போகாஷியில் கிட்டத்தட்ட எல்லாம் வாளியிலேயே தங்குகிறது என்பது உண்மை. ஆனால் மண்ணில் புதைத்த பிறகு அங்கே அதே மட்குதல் நடந்து கரியமில வாயு வெளியேறத்தான் செய்யும். நைட்ரஜன் மண்ணுக்குள்ளேயே வெளிப்படுவது லாபம், அதைத் தாண்டிக் கார்பனைச் சேமித்துவிட்டதாக மார்தட்ட ஒன்றுமில்லை. காற்றில்லாத வாளியில் மீத்தேன் வராதா என்றும் சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு நடுநிலையான பி.எச். வேண்டும், அந்தப் புளிப்பில் அவை வேலை செய்யாது. குப்பைமேட்டில் புதைந்து கிடக்கும் சாப்பாட்டுக்கு அந்தத் தடை கிடையாது, அங்கே உண்டாகும் மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். எனவே மேலே சொன்ன எந்த முறையானாலும் குப்பை லாரிக்குக் கொடுப்பதைவிட உத்தமம்.

உப்பை மட்டும் எந்த முறையாலும் ஒன்றும் செய்ய முடியாது. புளித்தாலும் மட்கினாலும் அது அப்படியே இருக்கும், தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். உப்பு மிகுந்த குழம்பையும் ஊறுகாயையும் ஒருமுறை தண்ணீர் விட்டு அலசி வடித்துவிட்டுப் போடுங்கள். திறந்த தோட்டத்தில் மழை கழுவிக்கொண்டு போய்விடும், பால்கனித் தொட்டியில் அந்த வசதி இல்லை.

சரி, நீங்கள் எதை எடுப்பது

தோட்டம் இருக்கிறது, வீட்டில் சமைத்தது மிஞ்சுகிறது, இறைச்சி மீனும் உண்டு என்றால் யோசிக்கவே வேண்டாம், போகாஷி இரண்டு வாளி வாங்குங்கள். இந்தச் சேர்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

தோட்டம் இல்லை, கழிவில் பெரும்பகுதி தோலும் காம்பும், காய்ந்த இலை தாராளமாகக் கிடைக்கும் என்றால் மட்குத் தொட்டி. காய்ந்த இலை கிடைக்காது என்றால் தென்னை நார்த்தூளை மூட்டையாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், அது போகாஷித் தவிட்டைவிட இடத்தை அடைக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

தோட்டமும் இல்லை, ஆனால் சமைத்த கழிவுதான் அதிகம் என்கிறவர் நிலைமைதான் சிக்கல். இவர்களுக்கு நான் சொல்வது இரண்டையும் சேர்த்துச் செய்வது. சமைத்ததை மட்டும் சின்ன வாளியில் புளிக்கவைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்குத் தொட்டியின் நடுவில் காய்ந்த பொருளோடு புதைப்பது. புளித்துவிட்டதால் ஈயும் எலியும் அவ்வளவாக அண்டாது, தொட்டியும் வேகமாகச் சூடேறும். மண்புழுப் பெட்டி வைத்திருப்பவரும் புளித்த கழிவைப் போடலாம், பெட்டியின் ஒரு மூலையில் ஒரு கைப்பிடி மட்டும். முதலில் புழு ஒதுங்கி நிற்கும், புளிப்பு இறங்கியதும் தானாக வந்து மொய்க்கும். பெட்டி முழுக்கப் பரப்பினால் ஓட இடமில்லாமல் புழு செத்துப்போகும்.

இன்னும் தடுமாற்றமாக இருந்தால் எதையும் வாங்காமல் ஒரு வாரம் இரண்டு டப்பாவில் பிரித்துப் போட்டுப் பாருங்கள், ஒன்றில் பச்சைக் கழிவு, மற்றதில் சமைத்தது. வாரக் கடைசியில் இரண்டையும் எடை போட்டால் வாளி எத்தனை லிட்டர் வேண்டும், மாதத்தில் எத்தனை முறை நிறையும், அதைக் கொட்ட எவ்வளவு மண் வேண்டும் என்பது வரைக்கும் கணக்கு வந்துவிடும். சமைத்த டப்பா எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தால் வாளியின் அளவைக் கூட்டும் முன் அடுத்த வாரம் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியைக் குறைத்துப் பாருங்கள்.